எளிதில் எரிச்சலடையும் சருமத்துக்கு ஏற்ற உடல் மாய்ஸ்சரைசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளித்துத் துடைத்த சில நிமிடங்களிலேயே கைகால்களில் தோல் இழுத்துப் பிடிக்கிறது. புதிதாக வாங்கிய லோஷனைப் பூசினால் சுருக்கென்று எரிகிறது. மற்றவர்களை ஒன்றும் செய்யாத கம்பளித் துணி நமக்கு மட்டும் அரிப்பைக் கிளப்புகிறது. இப்படிப்பட்ட சருமம் உடையவர்களுக்கு மாய்ஸ்சரைசர் அன்றாடத் தேவையாகிவிடுகிறது. ஆனால் தேவை மிகுந்த இவர்களுக்கே தேர்வும் கடினமாக இருக்கிறது. ஏனெனில் ஒரு கிரீமைக் கவர்ச்சியாக்குவதற்காகச் சேர்க்கப்படும் மணம், நிறம், மூலிகைச் சாறு, குளிர்ச்சி தரும் பொருள் ஆகியவைதான் பெரும்பாலும் இவர்களுக்குத் தொல்லை தருகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றே: டப்பாவின் முன்பக்கம் தரும் வாக்குறுதிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பின்பக்கத்துப் பட்டியலில் என்னென்ன இல்லை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

தோலின் மேலடுக்கில் நடப்பது

தோலின் வெளிப்புற அடுக்கு, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவிர்த்த மற்ற இடங்களில், ஏறத்தாழ 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உடையது. அதில் உள்ள தட்டையான இறந்த செல்கள் செங்கற்களாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்தாக நிரம்பியிருக்கின்றன. இந்தக் கொழுப்புகளின் எடையில் பாதியளவு செராமைடுகள்தான். கொழுப்பு குறையும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. வெளியில் உள்ள சோப்பு, வாசனைப் பொருள், தூசி போன்றவை உள்ளே புகுந்து நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா என்ற நோய் உள்ளவர்களின் தோலில் செராமைடு குறைவாக இருப்பது நன்கு அறியப்பட்ட உண்மை. வயதாக ஆகவும் இந்தக் கொழுப்பின் உற்பத்தி குறைவதால், இளமையில் எதையும் தாங்கிய தோல் முதுமையில் திடீரென்று கூச்சப்படத் தொடங்குவதில் வியப்பில்லை.

தொல்லை இரண்டு வகைப்படும் என்பதை இங்கேயே தெரிந்துகொள்வது பிற்பாடு உதவும். ஒன்று எரிச்சல்: பூசிய உடனோ சில மணி நேரத்துக்குள்ளோ எரியும், குத்தும், சிவக்கும், பொருளின் அளவு கூடக் கூடத் தொல்லையும் கூடும், யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். மற்றொன்று ஒவ்வாமை: உடலின் எதிர்ப்பு மண்டலம் ஒரு குறிப்பிட்ட பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டு, அது மீண்டும் தோலில் பட்டால் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்து அரிப்பும் தடிப்பும் கொப்புளமுமாகப் பதில் சொல்லும். மிகச் சிறிய அளவே இதற்குப் போதும். பல ஆண்டுகள் நிம்மதியாகப் பயன்படுத்திய கிரீமுக்கேகூட ஒருநாள் ஒவ்வாமை தோன்றலாம் என்பதால், "இதைத்தானே இவ்வளவு காலமாகப் பூசுகிறேன்" என்று பழைய டப்பாவைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது.

என்ன இருக்க வேண்டும்

நல்ல மாய்ஸ்சரைசர் மூன்று வேலைகளைச் செய்கிறது. கிளிசரின், ஹையலுரோனிக் அமிலம் போன்றவை நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கின்றன. கொழுப்பு ஆல்கஹால்கள், ஸ்குவாலேன், தாவர எண்ணெய்கள் ஆகியவை செல்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பித் தோலை வழவழப்பாக்குகின்றன. பெட்ரோலேட்டம், டைமெத்திகோன், மினரல் ஆயில் போன்றவை மேலே மெல்லிய படலமாக நின்று நீர் ஆவியாகாமல் தடுக்கின்றன. ஈர்க்கும் பொருள் மட்டும் இருந்து மூடும் பொருள் இல்லாவிட்டால், தோல் சீக்கிரமே பழைய வறட்சிக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்ட இலேசான ஜெல்கள் வறண்ட உடம்புக்குப் போதவே போதா.

மூடும் பொருட்களில் பெட்ரோலேட்டத்துக்கு நிகரானது இல்லை என்றே சொல்லலாம். ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்று வாசலின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பொருள்தான் இது. தோலிலிருந்து நீர் ஆவியாவதை 98 சதவீதம் வரை குறைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. பெட்ரோலியத்திலிருந்து வருவதால் பலர் இதைக் கண்டு தயங்குகிறார்கள். ஆனால் மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலேட்டத்துக்கு ஒவ்வாமை காண்பது மிக மிக அரிது. தோல் மருத்துவர்கள் ஒவ்வாமைச் சோதனை செய்யும்போது சோதிக்க வேண்டிய பொருட்களில் பெரும்பாலானவற்றை இதில் கலந்துதான் தோலில் ஒட்டுகிறார்கள் என்பதே அதன் சாந்தமான குணத்துக்குப் போதுமான சான்று. பிசுபிசுப்பு ஒன்றே இதன் குறை.

செராமைடு சேர்ந்த கிரீம்கள் வறண்ட சருமத்துக்கும் எக்ஸிமா உள்ளவர்களுக்கும் பொதுவாக ஒத்துப்போகின்றன. மாவாக அரைத்த ஓட்ஸ், அதாவது கொலாய்டல் ஓட்மீல், அரிப்பைத் தணிக்கும் தன்மை உடையது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2003இலேயே அதைத் தோல் காக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது. யூரியாவைப் பொறுத்தவரை சதவீதம் முக்கியம். 5 முதல் 10 சதவீதம் வரை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கும் வேலையில் இறங்கிவிடும். வெடித்த குதிகாலுக்கு அது நல்லது, ஆனால் சொறிந்து புண்ணான கைக்கு 5 சதவீதமே எரியும். லேக்டிக் அமிலமும் அப்படியே. ஆகவே தோலில் கீறலோ வெடிப்போ உள்ள நாட்களில் இவ்விரண்டையும் ஒதுக்கி வைப்பது நலம்.

எண்ணெயே போதுமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் அந்தக் குறை தென்படவில்லை. எல்லா எண்ணெயும் ஒன்றே என்ற எண்ணம், குறிப்பாகக் குழந்தைகளின் தோல் விஷயத்தில், சரியானதன்று.

லோஷனா, கிரீமா, ஆயின்ட்மென்டா?

லோஷனில் நீர் அதிகம், எண்ணெய் குறைவு; எளிதில் பரவும், சீக்கிரம் காயும், பலன் சீக்கிரமே போய்விடும். நீர் அதிகம் என்பதால் கிருமி வளராமல் தடுக்கப் பதப்பொருட்கள் கட்டாயம் தேவைப்படுகின்றன. நீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருட்களும் தேவைப்படுகின்றன. ஆயின்ட்மென்டில், அதாவது களிம்பில், பெரும்பாலும் நீரே இல்லாததால் பதப்பொருளுக்கு வேலை இல்லை, சேர்மானங்களும் சிலவே. எனவே எதைப் பூசினாலும் எரிகிறது என்பவர்கள் முதலில் முயல வேண்டியது ஆயின்ட்மென்ட்தான். கிரீம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பகலில் உடை அணிந்து வெளியே போகும்போது கிரீமும், இரவில் முழங்கை, முழங்கால், கெண்டைக்கால் போன்ற மிகவும் வறண்ட இடங்களில் ஆயின்ட்மென்டும் என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலோருக்கு ஒத்துவரும். முடி அடர்ந்த மார்பிலும் கால்களிலும் கனத்த களிம்பைத் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு பருக்கள் தோன்றக்கூடும் என்பதால், அந்த இடங்களுக்கு லோஷனோ இலேசான கிரீமோ போதும்.

முன்பக்கத்து வாக்குறுதிகள்

"ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல் ஒவ்வாமை தராது என்ற உறுதிமொழியாகப் படிக்கப்படுகிறது. அமெரிக்காவில் எஃப்டிஏ இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்கு 1975இல் விதி வகுத்தது. ஆனால் 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அங்கே இந்தச் சொல்லுக்குச் சட்டபூர்வமான வரையறை இல்லை. உற்பத்தியாளர் தாம் பொருத்தமென்று கருதும் பொருளில் அச்சிட்டுக்கொள்ளலாம். "தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது" என்ற வரியும் எத்தனை பேரிடம் சோதித்தார்கள், முடிவு என்ன என்பதைச் சொல்வதில்லை. "இயற்கையானது" என்பது எரிச்சலடையும் சருமத்துக்குப் பரிந்துரையே ஆகாது. லாவெண்டர் எண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் முற்றிலும் இயற்கையானவை, இரண்டுமே ஒவ்வாமை தருவனவாக நன்கு அறியப்பட்டவை. குழந்தைகளுக்கானது என்று அச்சிட்ட லோஷன்களிலும் வாசனை தாராளமாகவே இருக்கிறது.

முன்பக்கத்தில் மதிக்கத்தக்க சொல் ஒன்றே உண்டு என்றால் அது "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ", அதாவது வாசனைப் பொருள் சேர்க்காதது. இதையும் "அன்சென்டட்" என்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மூலப்பொருட்களின் வாடையை மறைப்பதற்கென்றே ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்துவிட்டு, மூக்குக்கு மணம் தெரியாததால் அன்சென்டட் என்று போடுவது வழக்கத்தில் உள்ளது. முகர்ந்து பார்த்து முடிவு செய்வது இங்கே உதவாது. பட்டியலைப் படித்தாக வேண்டும்.

பின்பக்கத்துச் சிறிய எழுத்துகள்

சேர்மானப் பட்டியல் பொதுவாக அளவில் அதிகமானதில் தொடங்கிக் குறைவானதை நோக்கிப் போகும். 1 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே முதல் ஐந்தாறு பெயர்கள் கிரீமின் உடம்பைச் சொல்கின்றன. கடைசி பத்துப் பெயர்கள்தான், அளவில் சிறியவையாக இருந்தும், ஒவ்வாமைக்குக் காரணமானவற்றைப் பெரும்பாலும் ஒளித்து வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படும் செராமைடு பட்டியலின் வாலில் இருப்பதைக் கண்டு ஏமாற்றம் வேண்டாம். அது சிறிய அளவில் சேர்க்கப்படும் பொருள்தான். ஆனால் கிளிசரின் வாலில் இருந்தால் அந்த லோஷனில் பெரிய பயன் இல்லை.

ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம்: நீர், கிளிசரின், பெட்ரோலேட்டம், செட்டரில் ஆல்கஹால், டைமெத்திகோன், செராமைடு என்பி, ஃபீனாக்சிஎத்தனால். ஏழே பொருட்கள். இதில் ஆல்கஹால் என்ற சொல்லைக் கண்டு பலர் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் செட்டில், ஸ்டியரில், செட்டரில் ஆகிய ஆல்கஹால்கள் மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், அவை தோலை மென்மையாக்குகின்றன. உலர்த்துவதும் எரிப்பதும் "ஆல்கஹால் டினாட்", "ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்" என்று எழுதப்படும் வகைகளே. இன்னொரு பட்டியல்: நீர், ஆல்கஹால் டினாட், கிளிசரின், பாதாம் எண்ணெய், கற்றாழைச் சாறு, மென்தால், பர்ஃப்யூம், லினலூல், லிமோனீன், சிட்ரால், மெத்தில்ஐசோதையசோலினோன். பெயர்கள் இனிமையாக இருக்கின்றன. இரண்டாவது இடத்திலேயே உலர்த்தும் ஆல்கஹால் நிற்கிறது; மென்தாலின் குளிர்ச்சி நரம்பைத் தூண்டுவதால் வருவது; கடைசி ஐந்தும் ஒவ்வாமைப் பட்டியல்களில் வழக்கமாக இடம்பெறுபவை. எரிச்சலடையும் சருமத்துக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசனைப் பொருட்கள் முதலில் விலக்க வேண்டியவை. பர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ், அரோமா என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பத்து வேதிப்பொருட்கள் அடங்கியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருட்கள், தோலில் பூசி அப்படியே விடும் பொருட்களில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் தனித்தனியாகப் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று விதித்திருந்தது. 2023இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பட்டியலை 80க்கும் மேற்பட்டதாக விரிவாக்கியது. லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரால், யூஜினால், சின்னமால் என்ற பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வாசனைக் கிரீம்களை அடையாளம் கண்டுவிடலாம்.

பதப்பொருட்களில் முதன்மையாகத் தவிர்க்க வேண்டியது மெத்தில்ஐசோதையசோலினோன். தோலில் படும் பொருட்களால் வரும் ஒவ்வாமையை ஆராயும் மருத்துவர் அமைப்பான அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைடிஸ் சொசைட்டி 2013இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் இதைத் தடை செய்துவிட்டது. டிஎம்டிஎம் ஹைடான்டோயின், குவாட்டர்னியம்-15, இமிடசோலிடினைல் யூரியா ஆகியவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுக் கிருமியைக் கொல்பவை, இவற்றையும் தவிர்க்கலாம். மூன்றாவதன் பெயரில் யூரியா இருந்தாலும் ஈரம் காக்கும் யூரியா வேறு, அது வேறு. பாராபென்கள் மீதுள்ள பரவலான அச்சத்துக்கு ஒவ்வாமையின் பக்கமிருந்து ஆதரவு கிடைப்பதில்லை: அதே மருத்துவர் அமைப்பு 2019இல் பாராபென்களை ஒவ்வாமை தராத பொருளாகவே சுட்டிக்காட்டியது. பாராபென் இல்லை என்று பெருமையாக அச்சிட்டுவிட்டு, அதனிடத்தில் அதைவிடத் தொல்லை தரும் பதப்பொருளைச் சேர்த்த கிரீம்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மேலும் மூன்று பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் சிறந்த மென்மையாக்கிதான். ஆனால் எக்ஸிமா உள்ள தோலில் அதற்கு ஒவ்வாமை காண்பது உண்டு, 2023இன் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கப்பட்டதும் அதுவே. புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு எரியும். சோடியம் லாரில் சல்ஃபேட் சோப்பு நுரையில் இருப்பது மட்டுமன்று, சில கிரீம்களில் எண்ணெயையும் நீரையும் இணைக்கவும் சேர்க்கப்படுகிறது. பிரிட்டனில் நெடுங்காலம் மாய்ஸ்சரைசராகப் பரிந்துரைக்கப்பட்ட அக்வியஸ் கிரீம், இந்தப் பொருளின் காரணமாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு எரிச்சல் தரக்கூடும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது.

வாங்கியபின் சோதித்துப் பார்த்தல்

எவ்வளவு கவனமாகப் படித்து வாங்கினாலும் உங்கள் தோல் என்ன சொல்கிறது என்பதை உடம்பு முழுவதும் பூசுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணயம் அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு இருமுறை, தொடர்ந்து ஏழு முதல் பத்து நாட்கள் அதே இடத்தில் பூசி வாருங்கள், கழுவிவிட வேண்டாம். ஒருநாள் பூசி, மறுநாள் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவது எரிச்சலை மட்டுமே சோதிக்கும், தாமதமாக வரும் ஒவ்வாமையைத் தவறவிட்டுவிடும். அந்த இடம் சிவந்தாலோ, தடித்தாலோ, அரித்தாலோ கழுவிவிட்டு அந்தக் கிரீமை நிறுத்திவிடலாம். சோதிக்கும் நாட்களில் வேறு புதிய சோப்பையோ சலவைத் தூளையோ தொடங்காதீர்கள். இல்லையென்றால் குற்றவாளி யார் என்று தெரியாமல் போய்விடும்.

முடிந்தவரை பம்ப் உள்ள குப்பியையோ டியூபையோ வாங்குங்கள். வாய் அகன்ற டப்பாவில் விரலை விட்டு விட்டு எடுக்கும்போது கிருமிகள் சேர்கின்றன. டப்பாதான் கிடைக்கிறது என்றால் சுத்தமான கரண்டியால் எடுக்கலாம். திறந்த டப்பாவின் படத்துக்குள் 12எம் என்று அச்சிட்டிருந்தால், திறந்தபின் 12 மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று பொருள்.

பூசும் முறை

வெந்நீர் தோலின் கொழுப்பைக் கரைப்பதால், வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளித்து முடிப்பது நல்லது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பிஹெச், அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 5 (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). வழக்கமான சோப்புக் கட்டியோ 9 முதல் 10 வரை போகும். அத்தகைய சோப்பை உடம்பு முழுவதும் தேய்த்துவிட்டு, எவ்வளவு சிறந்த மாய்ஸ்சரைசரைப் பூசினாலும் பாதிப் பலன்தான். சோப்பில்லாத மென்மையான கிளென்சரை, அதையும் தேவைப்படும் இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன், சில நிமிடங்களுக்குள் பூசிவிட வேண்டும். முடி வளரும் திசையிலேயே கையை மெல்ல ஓட்டுங்கள்.

அளவில்தான் பெரும்பாலோர் சிக்கனம் பிடிக்கிறார்கள். பெரியவர் ஒருவரின் உடல் முழுவதும் ஒருமுறை பூச 20 முதல் 30 கிராம் வரை தேவைப்படும். எக்ஸிமா உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஆகலாம். ஆகவே சிறிய குப்பியில் அடைத்த விலையுயர்ந்த கிரீமை எண்ணி எண்ணிப் பூசுவதைவிட, எளிய சேர்மானமுள்ள பெரிய குப்பியைத் தாராளமாகப் பயன்படுத்துவதே சருமத்துக்கு நன்மை தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பாதுகாப்புக் குறிப்பையும் சேர்க்க வேண்டும். கிரீமும் களிம்பும் உடையிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிக் காய்ந்தபின் அந்தத் துணி எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும். துவைத்தாலும் முழுமையாகப் போகாது. தாராளமாகப் பூசிக்கொள்பவர்கள் அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் ஆகியவற்றுக்கு அருகில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

வாசனையற்ற எளிய கிரீமை இரண்டு மூன்று வாரங்கள் ஒழுங்காகப் பூசியும் சிவப்பும் அரிப்பும் குறையாவிட்டாலோ, அரிப்பால் தூக்கம் கெட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது. அவை கிருமித் தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒவ்வாமை என்று ஐயம் ஏற்பட்டால் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்வார்: சிறு அளவில் பல பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். போகும்போது நீங்கள் பயன்படுத்தும் கிரீம், சோப்பு, ஷாம்பு, பூசி ஒத்துக்கொள்ளாத பழைய டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். முடிவில் ஏதேனும் ஒரு பொருள் உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தால், அது லேபிள்களில் வேறு என்னென்ன பெயர்களில் அச்சிடப்படும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே பொருளுக்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குவது உண்டு.